ஏழாம் முகட்டைத் திரும்பப் பெற்றவருக்கு

மூளையின் மௌன மொழியை முப்பத்து மூன்று ஆண்டுகள் முனைந்து கேட்டவரே! குருதியின் துளிதோறும் குற்றமற்ற உண்மையைக் கூர்ந்து தேடிய கண்ணியமே! ஐயப்படுவதை அன்றாட வேலையாகவும், அளப்பதை ஆயுள் நோன்பாகவும் கொண்ட அறிவியல் அரசியே! குளிர்ந்த கையும் கொதிக்காத நாவும் கொண்ட எங்கள் ஆய்வக அம்மையாரே! வணக்கம், அவையோர் அனைவரின் சார்பிலும் இன்னொரு முறை வணக்கம்!

விளிகளை இந்த அளவோடு நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறோம். பணி நிறைவு விழாக் குழுவினர் தந்த மாதிரி மடலில் இருபத்திரண்டு விளிகள் இருந்தன. 'கருணைக் கடலே' என்று ஒன்று. குழாயில் எழுதிய தேதி லேசாக அழிந்திருந்தாலும் அந்தக் குழாயைக் குப்பைத் தொட்டியில் போடுகிறவரைக் கடல் என்று அழைக்க எங்களுக்குக் கை வரவில்லை. 'குணக் குன்றே' என்று இன்னொன்று. ஃப்ரீசரின் மேல்தட்டை எட்டுவதற்கு ஸ்டூல் போட்டு ஏறும் உங்களைக் குன்று என்றால், நீங்களே டேப்பை எடுத்து அளந்து பார்த்து மறுத்துவிடுவீர்கள். 'தாங்கள்' என்றே எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டு பத்தி எழுதிப் பார்த்தோம். யாரோ மேலதிகாரிக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதுவது போல் இருந்தது. ஆகவே வழக்கம்போல் 'நீங்கள்'.

இம்மடலைப் பணியாளர் அனைவரும் சேர்ந்தே அளிக்கிறோம். எழுதும் பொறுப்பை மட்டும், மூன்றாம் மாடி வார்டில் இருபத்தாறு ஆண்டுகளாக நோயாளிகளுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. அது போகப் போகத் தெரியும். 'நாங்கள்' என்று வரும் இடங்களில் எல்லாரும் இருக்கிறோம். 'நான்' என்று வரும் இடங்களில் குற்றம் முழுவதும் என்னுடையது.

நேரிய பணியின் நிலைக்களமே! வேதியியல் பட்டத்தோடும் ஒரு கறுப்புக் குடையோடும் இந்த மருத்துவமனையின் தரைத்தளத்துக்குள் நீங்கள் நுழைந்தபோது இங்கே இருந்தவை ஒரு மேசை, ஒரு தராசு, இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜ். அதுவும் வாரத்தில் மூன்று நாள் படுத்துக்கொள்ளும். மூன்றாம் மாடியில் மனநோயாளிகள் வார்டு. மேலே இருந்த மருத்துவர்கள் பேசிப் பேசி நோயை அறிந்தார்கள். கீழே இருந்த நீங்கள் அதே நோயை இரத்தத்தில் தேடினீர்கள். மனச்சோர்வில் விழுந்த மனிதரின் மூளையில் எந்த வேதிப்பொருள் கூடுகிறது, எது குறைகிறது, அதன் தடம் கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் தெரியுமா என்பதே உங்கள் கேள்வி. மூளையைத் திறந்து பார்க்க முடியாது. கையை நீட்டச் சொல்லலாம் அல்லவா? அந்த ஒரே கேள்வியை இத்தனை ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருக்கும் பொறுமை எங்களில் யாருக்கும் கிடையாது என்பதை இந்த அவையில் வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறோம்.

வேலை கற்க வந்த எவரையும் நீங்கள் திட்டியதில்லை. "சரி, இன்னொரு தடவை பண்ணலாம்" என்று மட்டும் சொல்வீர்கள். அதைக் கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டு, வர நேரமாகும் என்று சொல்லிவிடுவோம். ஏனென்றால் அந்த இன்னொரு தடவை, முதல் குழாய்ப் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை எல்லாவற்றையும் மறுபடி செய்வது. விடுப்பு கேட்டால் காரணம் கேட்க மாட்டீர்கள். போகும்முன் ஃப்ரீசரின் வெப்பநிலையை எழுதினோமா என்று கேட்பீர்கள். உங்கள் பிறந்தநாள் எது என்று அலுவலகத்தில் கேட்டால்தான் தெரியும். ஃப்ரீசரின் பிறந்தநாள் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

இனி ஏழாம் முகடு. விருந்தினராக வந்திருப்போர் பொருட்டு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இரத்தத்தில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரம் ஒன்று நம்மிடம் உண்டு. அது நீளமான ஒரு தாளில் மேடும் பள்ளமுமாகக் கோடு வரையும். ஒவ்வொரு மேடும் ஒரு பொருள். மேடு உயர்ந்தால் பொருள் அதிகம். அதில் இடமிருந்து ஏழாவதாக வருவதை ஏழாம் முகடு என்போம். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அந்த ஏழாம் முகடு உயர்ந்தும், நலமானவர்களுக்குத் தாழ்ந்தும் இருப்பதைக் கண்டீர்கள். ஆறு ஆண்டுகள் அளந்தபின் கட்டுரையாக வெளியிட்டீர்கள். கட்டுரையில் ஒரு படம்: கீழே வெள்ளைப் புள்ளிகள், அவர்கள் நலமானவர்கள், மேலே கறுப்புப் புள்ளிகள், அவர்கள் நோயுற்றவர்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை. அவ்வளவு சுத்தமான படத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பிற நாட்டு ஆய்வகங்களிலிருந்து கடிதங்கள் வந்தன. அப்போதைய இயக்குநர் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்.

நலமானவர்கள் யார்? நம் பணியாளர்களே. நூலகர், ஓட்டுநர், தட்டச்சர், சமையலறைக்காரர் எல்லாரும் தரைத்தளத்துக்கு வந்து, சென்ட்ரிஃபியூஜ் பக்கத்து நாற்காலியில் கையை நீட்டிவிட்டுப் போவார்கள். நம் நூலகர் தம்மை எவரிடம் அறிமுகம் செய்துகொண்டாலும், "நான் பன்னெண்டு வருஷமா நலமானவன்" என்று சேர்த்துக்கொள்வார். அவர் வீட்டம்மா அதை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம்.

கறுப்புப் புள்ளிகளில் ஒன்று உங்கள் தம்பி. இதை இங்கே சொல்ல அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறோம். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் தொழில் அவருக்கு. இருபத்திரண்டு வயதிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மனிதர் திடீரென மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் போவார். அந்தப் படத்தை உள்ளங்கை அளவு அட்டையில் அச்சிட்டு, ஆய்வில் கலந்துகொண்ட எல்லாருக்கும் கொடுத்தோம். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடை முதலாளி கேட்டால் காட்டினார். பெண் கொடுத்தவர்கள் கேட்டபோதும் காட்டினார். "இந்தக் கறுப்புப் புள்ளில ஒண்ணு நான். இது உடம்புல இருக்கற கோளாறு. திமிர் இல்ல" என்பார்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் மாடி வார்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். இரண்டு வாரம் நோயாளிகளைத் தரைத்தளத்துக்கே அழைத்து வந்து, அதே நாற்காலியில் உட்காரவைத்து இரத்தம் எடுத்தேன். பதினான்கு பேர். பதினான்கு பேருக்கும் ஏழாம் முகடு தாழ்ந்திருந்தது. அப்போதுதான் வார்டில் புது மருந்து ஒன்று கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்; இயக்குநர் துள்ளிக் குதிக்காத குறை. "புது மருந்து வேலை செய்யுது!" என்று இனிப்புப் பெட்டியோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். எல்லாரும் எடுத்துக்கொண்டோம். நீங்கள் எடுக்கவில்லை.

"சார், இதுல மூணு பேருக்கு இன்னும் மருந்தே ஆரம்பிக்கல" என்றீர்கள்.

பிறகு என்னைப் பார்த்தீர்கள். "மேல வார்டுல ரத்தம் எடுத்ததும் என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

நான் பெருமையாகவே சொன்னேன். குழாய்களை நிறுத்தும் என் தாங்கியில் பத்துக் குழி. பத்துக் குழாயும் நிரம்பாமல் கீழே இறங்க மாட்டேன். பாதிக் காலியான தாங்கியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் நிற்பது எனக்குப் பிடிக்காது. வேலை என்றால் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒருவரை இருபது நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, பிறகுதான் ஊசி. நால்வர் உட்கார்ந்திருக்கும்போது மூவருக்கு எடுத்து, இப்படிப் பத்தும் நிரம்ப முக்கால் மணி, சில நாள் ஒரு மணி. அதுவரை முதல் குழாய் ஜன்னல் ஓர மேசையில் நிற்கும். சொல்லி முடித்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். என் பெருமை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் காலை நீங்களே நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினீர்கள். ஒரே ஊசியில் இரண்டு குழாய். ஒன்றை அப்போதே சென்ட்ரிஃபியூஜில் வைத்தீர்கள். மற்றதை என்னிடம் தந்தீர்கள்.

"இத மேல எடுத்துட்டுப் போய் உங்க தாங்கில முதல் குழில வைங்க. வழக்கம்போல பத்தும் நிரம்பினதும் வாங்க. எனக்காகன்னு இன்னிக்கு மட்டும் வேகமா வராதீங்க."

போனேன். வழக்கம்போல் வந்தேன், ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து. இயந்திரம் இரண்டு தாள்களை வரைந்தது. முதல் தாளில் நீங்கள் நலமானவர். இரண்டாம் தாளில் நோயாளி. ஏழாம் முகடு நோயினால் உயரவில்லை. இரத்தம் சூட்டில் காத்திருந்ததால் உயர்ந்தது. பணியாளர்களில் பன்னிருவருக்கு அதே சோதனை செய்தீர்கள், பன்னிருவருக்கும் அதேதான். நூலகர் தம் தாளைப் பார்த்துக் கலங்கிவிட்டார். "அப்ப நான் யாரு மேடம்?" என்று கேட்டார். "ரெண்டு தாளும் நீங்கதான். ஒண்ணு சீக்கிரம் கீழ வந்துது, அவ்வளவுதான்" என்றீர்கள். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

அஞ்சா நெஞ்சின் ஆழமே! அன்று மாலை இயக்குநர் அறையில் நடந்ததற்கு நானும் சாட்சி. அவர் கெட்டவர் அல்லர், பயந்துபோயிருந்தார்.

"நாலு ஆய்வகம் நம்ம கட்டுரைய நம்பி வேலைய ஆரம்பிச்சிருக்கு. இனிமே முறைய மாத்திக்கலாம். பழசக் கிளற வேணாமே" என்றார்.

"நாலு ஆய்வகம் ஆரம்பிச்சிருக்குன்னுதான் சார் கிளறணும்."

"பேரு போயிடும்மா."

"போகட்டும் சார். அது நம்ம பேரு. அவங்க காலம் போகக் கூடாது."

நான் நடுவில் புகுந்து, "தப்பு என்னோடது சார், என் பேரப் போட்டு எழுதுங்க" என்றேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேரம் எழுத இடமே விடாத ஃபாரம் தயார் பண்ணது நான்" என்றீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் பிழை ஆய்வகத்தினுடையது, முறையை வகுத்தவர் நீங்கள் என்று எழுதி, நீங்கள் ஒருவரே கையெழுத்திட்டீர்கள். பத்துக் குழித் தாங்கியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இந்த ஏழு ஆண்டுகளில் அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் யாருக்கும் நான் இருப்பதே தெரியாது. இம்மடலை எழுத ஒப்புக்கொண்டது, இன்றாவது நாலு பேர் முன் அதைச் சொல்லிவிடலாம் என்றுதான். வரவேற்பறைப் படத்தையும் நீங்களே ஸ்டூல் போட்டு இறக்கினீர்கள்.

பிறகு ஆய்வில் கலந்துகொண்ட இருநூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் கடிதம் எழுதினீர்கள். 'நாங்கள் உங்களுக்குக் கொடுத்த படம் தவறானது. உங்கள் நோய் தவறானது அல்ல' என்பது அதன் சாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தபாலில் சேர்த்தோம். ஒருவருக்கு முன்னதாகவும் ஒருவருக்குப் பின்னதாகவும் தெரியக் கூடாது என்பது உங்கள் விதி. விதியில் உங்கள் தம்பிக்கும் விலக்கு இல்லை.

இந்த இடத்தில் உங்களைப் பாராட்ட முடியாது, அம்மையீர். இது உங்கள் பிழை. பாராட்டு மடலில் பிழையைச் சொல்லலாமா என்று குழுவில் வாக்குவாதம் நடந்தது. சொல்லாவிட்டால் இந்த மடலையே நீங்கள் திரும்பப் பெறச் சொல்வீர்கள் என்று கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

கடிதம் சேர்ந்த அன்று தம்பி நேரே தரைத்தளத்தில் இரத்தம் எடுக்கும் அறைக்கு வந்தார். நீங்கள் என் மேசையருகே குழாய்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும்; போகவில்லை.

"என்னக்கா இது?"

"லெட்டர்டா. எல்லாருக்கும் போட்டேன்."

"ஞாயித்துக்கிழம உன் வீட்லதான சாப்பிட்டேன்? எதுத்தாப்லதான உக்காந்திருந்த? அப்ப வாயத் தொறக்கல. தபால்ல சொல்றியா?"

"ஆய்வுல இருக்கறவங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் முன்னாடியே சொல்லக் கூடாதுடா."

"நான் ஒருத்தரா?"

அவர் சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது.

"அப்பா தினம் காலைல வந்து போர்வைய இழுப்பாரே, ஞாபகம் இருக்கா? சோம்பேறின்னு சொல்லித்தான் எழுப்புவார். இதக் காட்டின அன்னிக்குத்தான் நிறுத்தினார். பாத்துட்டு, போர்வைய இழுத்து மூடிவிட்டுட்டுப் போனார். சாகற வரைக்கும் நம்பினார்க்கா. இப்ப இது பொய்யின்னா நான் மறுபடியும் சோம்பேறியா?"

"பொய் இல்லடா, தப்பு. உன் நோய் நிஜம். நாங்க அளந்ததுதான் தப்பு."

"அந்த வித்தியாசம் உனக்குப் புரியும். என் மாமனாருக்குப் புரியுமா?"

அட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் மருத்துவரைப் பார்க்க மருத்துவமனைக்கு வருவார், தரைத்தளத்தில் மட்டும் கால் வைக்க மாட்டார். வீட்டு விசேஷங்களில் உங்களைக் கண்டால் "நல்லா இருக்கியா?" என்பார். ஏழு ஆண்டுகளாக அந்த இரண்டு சொல்தான். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் இரண்டு முறை படுத்த படுக்கையானார். இரண்டு முறையும் நீங்கள் வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஆய்வகத்துக்கு வந்து வேலையைப் பார்த்தீர்கள். நாங்கள் உங்களிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது.

கடிதத்தோடு வந்து அவர் திரும்பிப் போன அன்று, அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள். என்னிடமா, உங்களிடமேவா என்று தெரியாது. "எந்திரிக்க முடியலன்னு அவன் வாயால சொன்னான். வீட்ல ஒருத்தரும் நம்பல, நானும் நம்பல. ஒரு படம் சொன்னதும் நம்பிட்டோம். அவன் சொன்னப்பவே நம்பியிருக்கணும். அதுக்குப் படம் எதுக்கு?" பிறகு சீட்டு ஒட்டாத குழாய் ஒன்றைக் கையில் எடுத்தபடி, "இத அவன்கிட்ட சொல்லணும்" என்றீர்கள். ஆயிரம் குழாய்க்கு ஆயிரம் சீட்டு ஒட்டுகிற உங்களுக்கு அந்த நாலு வரியைச் சொல்ல ஏழு ஆண்டுகளில் நேரம் வாய்க்கவில்லை.

ஓயாத உழைப்பின் உறைவிடமே! அதன்பின் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினீர்கள். நோயாளியோ நலமானவரோ, எல்லாருக்கும் ஒரே நாற்காலி, ஒரே நேரம், வெறும் வயிறு, இருபது நிமிட அமைதி. குழாய் நேராக ஐஸில் போக வேண்டும். எடுத்த நேரம், சேர்ந்த நேரம் இரண்டையும் எழுத வேண்டும். ஒரு குழாய் நிரம்பினால் ஒரு குழாயோடு ஓட வேண்டும். பணியாளர் எவரும் இனி ஆய்வுக்கு இரத்தம் தரக் கூடாது என்றும் விதி எழுதினீர்கள். நூலகர் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை. ஐஸ் வாளியில் ஐஸ் பாதி கரைந்திருந்தால் வேலையை நிறுத்திவிடுவீர்கள். ஆகவே உங்கள் முதுகுக்குப் பின்னால் உங்களுக்கு 'ஐஸ் மேடம்' என்று பெயர் வைத்தோம். உங்களுக்கு அது தெரியும் என்று எங்களுக்கும் தெரியும்.

ஆறு ஆண்டுகள் கழித்து இதே அரங்கில் முடிவை அறிவித்தீர்கள்: ஏழாம் முகட்டில் வேறுபாடு இல்லை. கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இல்லை என்ற சொல்லுக்கு நீங்கள் ஆறு ஆண்டுகள் கொடுத்தீர்கள். வேறு எங்கோ யாரோ அதே வழியில் இன்னும் பத்து ஆண்டு வீணாக நடக்காமல் காத்தீர்கள். அன்று தட்டாத கையை இன்று தட்டுகிறோம். பதினோராம் முகட்டில் ஏதோ தெரிகிறது என்று இளைய ஆய்வாளர்கள் கிசுகிசுக்கிறார்கள். "இன்னும் நம்பாதீங்க" என்று நீங்கள் சொன்னதால் அதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, உங்கள் தம்பி தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். நீங்கள் அன்று வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தார் என்று நினைக்கிறேன். தலை நரைத்திருந்தது. பழைய ஆய்வில் இருந்தவர்களுக்கெல்லாம் நாம் அனுப்பிய அழைப்பு அவர் கையில் இருந்தது.

"மறுபடி எடுக்கறீங்களாமே?" என்றார்.

"உக்காருங்க. இருபது நிமிஷம் பேசாம இருக்கணும்."

அந்த இருபது நிமிடத்தில் இரத்தம் எடுப்பவரும் பேசக் கூடாது என்பது விதி. நான் பேசிவிட்டேன், அம்மையீர். ஏழு ஆண்டுகளுக்கு முன் அவர் போனபின் நீங்கள் அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்ன நாலு வரியையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொன்னது எனக்குரிய செய்தி அல்ல. ஆனால் உங்களை நம்பிக்கொண்டிருந்தால் அது இன்னும் ஏழு ஆண்டு ஃப்ரீசரில் இருந்திருக்கும். விதியை மீறியதற்காகக் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து வைத்தேன். இரண்டாவது இருபது நிமிடமும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கையை நீட்டினார். அந்த ஒரு குழாயை ஐஸில் வைத்துக்கொண்டு ஓடினேன். எடுத்தது எட்டு பத்து. சேர்ந்தது எட்டு பதினொன்று. பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அன்பின் அம்மையாரே! இனி உங்கள் காலைகளில் கைக்கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. கண்பார்வை தெளிவாகவும், மூட்டுகள் மடங்கத் தக்கவையாகவும், உறக்கம் நிறைவாகவும், நாக்கில் சுவை குறையாமலும், சிரிக்க நாலு பேர் சூழவும், உடல் நலத்தோடு நூறாண்டைத் தொட்டு, அதைச் சரிதானா என்று இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு மேலும் சில ஆண்டுகள் நீங்கள் வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறோம். உங்களை நாங்கள் தேடுவோம். ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் தேடுவோம். எங்களுக்கு அழுகை வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

கடைசியாக ஓர் அலுவலகச் செய்தி. மடலில் இடம்பெறத் தக்கதல்ல என்றாலும் இன்றைக்கு முன் இதை உங்களிடம் தெரிவிக்க விதி இடம் தரவில்லை.

இவ்வாண்டு நம் ஆய்வில் மூன்றாவது குழு ஒன்றைச் சேர்த்தோம்: நோயுற்றவரின் உடன்பிறந்தோர். நோயுற்றவர் தாமே ஓர் உறவினரைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். அந்த உறவினர் இரத்தம் தருவதோடு, நோயுற்றவரைப் பற்றிய நீண்ட கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். மூன்று வாரங்களுக்கு முன் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு படிவம் நிரப்பப்பட்டது. 'உறவு' என்ற இடத்தில் 'அக்கா' என்று இருக்கிறது. "அவங்க ஸ்டாஃப் ஆச்சே, எடுத்துக்க மாட்டீங்களே?" என்று கேட்டார். மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறீர்கள் என்றேன். "அப்ப அதுவரைக்கும் வெச்சிருங்க" என்றார். வைத்திருந்தேன். இன்று மாலை ஐந்து மணியோடு நீங்கள் பணியாளர் இல்லை. ஆகவே திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, வெறும் வயிற்றோடு, தரைத்தளத்துக்கு வந்து சேரும்படி கேட்டுக்கொள்கிறோம். கூட்டி வருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்திருக்கிறார்.

படிவத்தின் முடிவில் உள்ள கேள்வி நீங்களே எழுதியது: 'இவ்வுறவினர் உங்களைப் பற்றி உண்மையான விடை அளிப்பார் என்று நம்புகிறீர்களா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். 'ஆம்' என்ற கட்டத்தில் குறி இருக்கிறது. விளக்கம் எழுத அங்கே இடம் இல்லை. ஆனாலும் ஓரத்தில், லென்ஸ் வைத்துப் படிக்க வேண்டிய அளவு பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்:

"அக்காவுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

இங்ஙனம்,
நீங்கள் அளந்த அளவில் நிற்க முயலும்
தரைத்தள ஆய்வகத்தாரும் மூன்றாம் மாடி வார்டினரும்